சிக்கல் வேறு; மாந்தர் வேறு

மனத்துயருற்றோர்க்குத் துணைநின்று வழிகாட்டும் பணிக்கு ‘ஆற்றுப்படுத்துதல்’ என்று தமிழில் பெயரிட்டோர் நம் நன்றிக்குரியர். பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்களே. பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையுற்று எதிர்வரும் கலைஞனுக்குத் தான் நடந்துவந்த வழியைச் சொல்லி விடுப்பது அவற்றுட் பெரும்பாலனவற்றின் பொருளாகும். ஆயின், ஒருவர் நடந்த வழி மற்றொருவர்க்கும் வழியாகுமா? இவ்வினாவை நாம் ஏட்டில் கற்கவில்லை. வெள்ளகோவிலில், ஒரு தறிக்கூடத்தின் வாயிலில் கற்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் அவ்வூர்ப் பக்கத்திலிருந்து மாணவர் ஒருவர் நம் வகுப்பிற்கு வந்தார். கூலிக்கு விசைத்தறி ஓட்டும் குடும்பம். நாள்தோறும் வகுப்பில் உறங்குவார். ஒருநாள் நாம் பொறுமை இழந்து, “உறக்கத்திற்கென்று ஒரு பட்டம் இருந்தால் முதலிடம் உமக்குத்தான்” என்றோம். வகுப்பே நகைத்தது. மறுநாள் முதல் அவர் வரவில்லை. இரண்டு வாரங் கழித்து, நெஞ்சு உறுத்த, அவரைத் தேடிப் போனோம்.

தறிகளின் ஓசைக்கிடையே அவர் சொன்னது இதுதான்: “படிப்பு எனக்கு வராதுங்க ஐயா. எங்க ஊட்டுல ஆருக்கும் வந்ததில்லைங்க.”

அறிவுரை கூற வாயெடுத்த நாம் அடங்கினோம். அவ்வாறு கேட்பதற்கு வேறொன்றும் தோன்றாமையால், “ஒருநாளாவது வகுப்பில் உறக்கம் வராத நாள் உண்டா?” என்று வினவினோம். நெடுநேரம் எண்ணிப் பார்த்தபின், “அண்ணமார் கதை நடத்துனீங்களே, அன்னிக்கு மட்டும் தூக்கம் வல்லீங்க. எங்க அப்பாரு உடுக்கடிச்சு அந்தக் கதையைப் பாடுவாருங்க” என்றார்.

‘ஆருக்கும் வந்ததில்லை’ என்ற கூற்று அக்கணமே உடைந்தது. இரவு பல நீளும் ஒரு காவியத்தை நெஞ்சிலே சுமந்தவர் அவருடைய பாட்டனார்! 1965ஆம் ஆண்டில் அதே காங்கேயம் வட்டாரத்து ஓலப்பாளையத்தில் பாணர் பாடிய அண்ணன்மார் கதையைக் கனடா நாட்டு மானிடவியலறிஞர் பிரெண்டா பெக் ஒலிநாடாவிற் பதிந்தார் என்பதையும், அது 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வாயிலாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் நூலாயிற்று என்பதையும் அவருக்குக் கூறினோம். தறியை நிறுத்திவிட்டு அவர் நம்மைப் பார்த்த பார்வை இன்றும் மறக்கவில்லை. அதன்பின்னரே, இரவு முழுதும் தறி ஓட்டிவிட்டுக் காலைப் பேருந்தில் கல்லூரிக்கு வந்த செய்தியைச் சொன்னார். மக்கு என்று நாம் எண்ணியது அவரை அன்று, இராத்தறியை!

அப்போது நாம் செய்தது இன்னதென்று நமக்கே தெரியாது. பிற்றைநாளில் கற்றபோதுதான், அதனை ஒரு முறையாகவே வகுத்தோர் உளர் என அறிந்தோம். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் பணியாற்றிய மைக்கேல் ஒயிட் (1948–2008) என்பவரும், நியூசிலாந்தைச் சேர்ந்த டேவிட் எப்ஸ்டன் என்பவரும் 1980களில் உருவாக்கி 1990இல் நூலாகத் தந்த அம்முறையினை ‘எடுத்துரைப்பு வழி ஆற்றுப்படுத்துதல்’ எனலாம்.

அதன் அடிப்படை எளிது. ஒவ்வொருவரும் தம்மைப்பற்றி ஒரு கதையை நம்பி வாழ்கின்றனர். அக்கதையைப் பெரும்பாலும் பிறரே எழுதிவிடுகின்றனர். ‘தேறாதவன்’, ‘அடங்காதவள்’, ‘வீட்டிற்கு ஆகாதவன்’ என வழங்கும் பெயர்கள் காலப்போக்கில் ஆளோடு ஒட்டிக்கொள்கின்றன. இம்முறையைக் கையாளும் ஆற்றுப்படுத்துநர் முதற்கண் ஆளையும் சிக்கலையும் பிரிக்கிறார். ‘நீ ஏன் சோம்பலாய் இருக்கிறாய்?’ என்று கேளாமல், ‘இச்சோர்வு எப்போது உன்னிடம் வருகிறது? வந்து உன் வாழ்வில் எவற்றைப் பறிக்கிறது?’ என்று கேட்கிறார். சிக்கலுக்குப் பெயரிடும் உரிமையையும் துயருற்றவர்க்கே தருகிறார். அடுத்து, அச்சிக்கல் வெல்ல இயலாதுபோன நாளொன்றைத் தேடச் செய்கிறார். அந்நாள் சிறிதாயினும் பிறிதொரு கதைக்கு வித்தாகும். அவ்வித்து வளர, அதனை அறிந்து போற்றும் சான்றோர் சிலரைக் கேட்போராக அமர்த்துதலும், உரையாடியவற்றைக் கடிதமாக எழுதி அவர் கையிற் கொடுத்தலும் உண்டு.

ஈண்டு ஆற்றுப்படுத்துநர் வழியறிந்தவர் அல்லர், நடப்பவரே வழியறிந்தவர். பழைய ஆற்றுப்படைக்கும் இதற்குமுள்ள வேறுபாடு இதுவே. ‘நான் இப்படித்தான் முன்னேறினேன்; நீயும் அவ்வாறே செய்’ என்பது ஆசிரியராகிய நம் அனைவர்க்கும் எளிதில் வரும் பேச்சு. அப்பேச்சில் கேட்பவரின் கதைக்கு இடமில்லை.

இம்முறையை மட்டின்றிப் போற்றுதலும் தவறாகும். கதை மாறினால் போதும் என்பார் கூற்றை நாம் ஏலோம். அம்மாணவர்க்குப் பாட்டனாரின் பெருமையை நினைவூட்டியது மட்டும் போதவில்லை. தந்தையாரோடு அமர்ந்து பேசி, தேர்வுக் காலத்தேனும் இராத்தறியிலிருந்து அவரை விடுவிக்க வேண்டியிருந்தது. கடனும் கூலியும் கதையன்று. அவற்றை மாற்றாது, துயருற்றவரிடம் ‘உன் பார்வையை மாற்றிக்கொள்’ என்பது கொடுமை.

மருத்துவத்தின் இடத்தையும் கதை பெற இயலாது. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் மூண்ட தீயில், சங்கிலியாற் பிணிக்கப்பட்டுத் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டனர். நோயையும் ஆளையும் ஒன்றெனக் கருதியதன் முடிவு அது. நோயைக் கட்ட அறியாதார் ஆளைக் கட்டினர். சங்கிலியிடுதலை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்துள்ளது. ஆயினும், ‘பைத்தியம்’ என்னும் ஒரு சொல்லால் நாம் இடும் சங்கிலியை எச்சட்டம் அறுக்கும்? தம்மை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ தெளிவு குலைந்த நிலையோ தோன்றின் தயங்காது மருத்துவரை நாடுதல் வேண்டும். 14416 என்னும் எண்ணில் அரசின் மனநல உதவியும் கிடைக்கிறது.

இதிலே தமிழ்த் துறைக்கு என்ன பணி என்று வினவலாம். அக ஒழுக்கத்தைப் பாடுங்கால் தலைமக்களின் பெயரைச் சுட்டலாகாது என்று விதித்த மரபு நம்முடையது. பிறர் அகத்தைப் பேசுவோர்க்கு அதனினும் சிறந்த ஒழுக்கவிதி யாது? பாண்டியன் அவையில் தன் வரலாற்றைத் தானே எடுத்துரைத்து, கள்வன் மனைவி என்ற பழியை நீக்கிய கண்ணகியை ஆண்டுதோறும் நடத்துகிறோம். உடன்பிறந்தாரே கிணற்றிலிட்ட யூசுப் நபி, அவர்களை மீண்டும் கண்டபோது பழியுரை நீக்கி மன்னித்த வரலாற்றை நம் இல்லங்களிற் கேட்டு வளர்ந்தோம். கதையின் ஆற்றலை நன்கறிந்த நாம், வகுப்பில் எதிரே அமர்ந்திருப்போரின் கதையை மட்டும் கேளாதிருப்பது முறையாகுமா?

அம்மாணவர் மீண்டும் வந்தார். தவறிய தாள்களை எழுதித் தேற ஓராண்டு கூடுதலாயிற்று. நாம் அவரிடம் மன்னிப்புக் கேட்டது வகுப்பறையிலேதான், நகைத்தோர் நடுவிலேதான். பழியுரைத்த அவையிலேயே அதனைத் திரும்பப் பெறுதல் வேண்டும் என்பது நம் துணிபு. ஒரு மாணவர்க்குப் பெயரிடுமுன் ஒரு வினாவேனும் கேட்போம். அதற்கு அறை வேண்டா, பட்டயம் வேண்டா. செவி ஒன்று போதும்.