"சைக்கிள்காரன் குறுக்கே வந்தானாம்!"

இரவு ஷிப்டு முடிந்து வருகிறான் ஒரு பஞ்சாலைத் தொழிலாளி. ஹேண்டில்பாரில் தூக்குப் போசி தொங்குகிறது. ரோட்டின் இடது ஓரமாக, சட்டம் சொன்ன இடத்தில், நேராகப் போகிறான். பக்கத்தில் வந்த லாரி முக்கில் இடது பக்கம் திரும்புகிறது. அவ்வளவுதான். மறுநாள் பத்திரிகையில் நான்கு வரி: "சைக்கிளில் குறுக்கே வந்த தொழிலாளி லாரியில் சிக்கிச் சாவு."

இந்த நான்கு வரியை எத்தனை தடவை படித்திருக்கிறோம், தோழர்களே!

குறுக்கே வந்தது யார்? நேரே போனவன் சைக்கிள்காரன். அவன் பாதையை வெட்டித் திரும்பியது லாரி. ஆனால் செத்தவன் வாய் திறக்க மாட்டான் அல்லவா? ஆகவே குற்றம் அவன் தலையில்!

ஒவ்வொரு ஜனவரியிலும் சாலைப் பாதுகாப்பு விழா நடத்தும் கனவான்கள் நமக்குப் புத்திமதி சொல்கிறார்கள். ஓரமாகப் போ; பின்னால் சிவப்பு ஒட்டு; விழிப்போடு இரு. நல்லது, ஒட்டுகிறோம். ஆனால் ஒன்று கேட்கிறேன். லாரியின் இடது பக்கத்தில், டிரைவர் கண்ணுக்கே படாத இடத்தில் இருப்பவன் எத்தனை சிவப்பு ஒட்டினால் என்ன? ஓரமாகப் போகச் சொல்கிறீர்களே, அந்த ஓரம்தான் சாவுக்குழி என்பது உங்களுக்குத் தெரியாதா?

விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். நம் நாட்டில் டிரைவர் உட்காருவது வலது பக்கம், அதுவும் ஓர் ஆள் உயரத்தில். இடது கதவுக்குக் கீழே ஒட்டினாற்போல் நிற்கும் சைக்கிள் அவர் கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடி இருந்தாலும், வண்டி திரும்பத் தொடங்கியதும் அது வேறெதையோ காட்டும். இன்னொன்று: முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் போவதில்லை. டிராக்டரில் டிரெய்லர் கோத்து வரப்பு முனையில் திருப்பியவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. எஞ்சின் முனையைத் தாண்டிவிடும், டிரெய்லரோ உள்ளே ஒதுங்கி வரப்பைத் தேய்க்கும். லாரியும் அப்படித்தான். வண்டியின் முகம் நம்மைத் தாண்டிப் போய்விட்டது என்று மூச்சு விடுகிறோம். பின்சக்கரம் நம்மிடம் வந்துகொண்டிருக்கிறது.

இதைவிடப் பொல்லாத சங்கதி ஒன்று உண்டு. நீளமான வண்டி குறுகலான முக்கில் இடது பக்கம் திரும்ப, முதலில் கொஞ்சம் வலது பக்கம் ஒதுங்கும். பின்னால் வருகிறவனுக்கு லாரி வலது பக்கம் போகிறதென்று தோன்றும். இடது பக்கம் விழுந்த இடைவெளியில் நுழைவான். நானும் அப்படி நுழைந்தவன்தான். இருபது வருஷமாக இயக்க வேலைக்குச் சைக்கிளிலேயே சுற்றுகிறவன். எனக்குத் தெரியாததா என்ற மிதப்பு! பஞ்சு மூட்டை ஏற்றிய லாரி அது. டீக்கடையில் நின்ற ஒருவர் போட்ட கூச்சலில் டிரைவர் பிரேக் போட்டார். சைக்கிளின் பின்சக்கரம் அப்பளமாக நசுங்கியது, நான் தப்பினேன். இறங்கி வந்த டிரைவரின் கை நடுங்கியதை இன்னும் மறக்கவில்லை. ஐயா, முப்பது மணி நேரமாகத் தூங்கவில்லை என்றார்.

அந்த மனிதரையா நாம் எதிரி என்று சொல்வது? முன்பெல்லாம் லாரியில் கிளீனர் இருப்பார். திருப்பத்தில் இடது பக்கம் தலையை நீட்டிப் பார்த்துக் கதவைத் தட்டுவார். நமக்கு அவர்தான் இடது கண். கிளீனர் சம்பளத்தை மிச்சம் பிடித்தார்கள் முதலாளிகள். பல லாரிகள் இன்று ஒற்றை ஆளோடு ஓடுகின்றன. டிரிப் கணக்கில் பேட்டா, நேரத்துக்கு லோடு இறக்கியாக வேண்டும். 2024 ஜனவரியில், மோதிவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் 10 வருஷம் சிறை என்ற புதிய சட்டப் பிரிவை எதிர்த்து நாடெங்கும் லாரி டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். அந்த ஆண்டு ஜூலை முதல் தேதி சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தது சர்க்கார். நான் கேட்பது இதுதான்: டிரைவருக்கு 10 வருஷம் யோசித்தவர்கள், கிளீனரைப் பிடுங்கியவனுக்கு எத்தனை நாள் யோசித்தார்கள்?

சைக்கிள் பழைய காலத்து வண்டி, யார் ஓட்டுகிறார்கள் என்று சிலர் சிரிப்பார்கள். 2011 ஜனத்தொகைக் கணக்கைப் பார்க்கட்டும். வயல் வேலைக்காரரையும் வீட்டுத் தொழில் செய்வோரையும் விட்டுவிட்டு எடுத்த கணக்கிலேயே, வேலைக்குச் சைக்கிளில் போனவர்கள் சுமார் 2 கோடியே 60 லட்சம் பேர். கார், ஜீப், வேனில் போனவர்கள் அதில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. ரோடு யாருக்காகப் போடப்படுகிறது? கோயம்புத்தூரில் 2023 வாக்கில் பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு ரவுண்டானாவும் யூ-டர்னும் வைத்தார்கள். கார் நிற்காமல் போகிறது, சரி. சைக்கிள்காரன் என்ன செய்வான்? இடது ஓரத்திலிருந்து பஸ், லாரி எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டு நடுத்திட்டுக்குப் போக வேண்டும், திரும்ப வேண்டும், மறுபடி ஓரத்துக்கு வர வேண்டும். ரவுண்டானாவில் சுற்றினாலோ, ஒவ்வொரு கிளை ரோட்டிலும் வெளியேறுகிற வண்டி அவன் முன்சக்கரத்தை வெட்டும். சிக்னல் இருக்கும் இடத்தில்கூட "ஃப்ரீ லெஃப்ட்" என்று பலகை. யாருக்கு ஃப்ரீ?

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. நெதர்லாந்தில் 1971-ம் ஆண்டில் மட்டும் ரோட்டில் சுமார் 3,300 பேர் செத்தார்கள். அதில் 400-க்கு மேல் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற பெயரிலேயே 1973-ல் இயக்கம் எழுந்தது. பெற்றோரும் பிள்ளைகளும் தெருவில் உட்கார்ந்தார்கள். இன்று அந்நாட்டுச் சந்திப்புகளில் சைக்கிள் பாதை தனி. முக்கில் ஒரு சிறு திட்டு கட்டி, சைக்கிள் கடக்கும் இடத்தை ஒரு கார் நீளம் உள்ளே தள்ளி வைக்கிறார்கள். வண்டி முக்கால்வாசி திரும்பிய பிறகுதான் சைக்கிள் எதிர்ப்படும். அப்போது டிரைவர் முகத்துக்கு நேரே தெரியும். ஜெர்மனியில் 2020 முதல், ஊருக்குள் சைக்கிளும் நடைக்காரரும் வரும் இடத்தில் 3.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டி வலது பக்கம் திரும்பினால் (அங்கே நமது இடதுக்குச் சமம் வலது) நடை வேகத்தில்தான் திரும்ப வேண்டும். மீறினால் 70 யூரோ அபராதம். லண்டனில் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிக்கு, டிரைவர் சீட்டிலிருந்து கண்ணால் எவ்வளவு தெரிகிறது என்று அளந்து நட்சத்திரம் போடுகிறார்கள். 2024 அக்டோபர் முதல் மூன்று நட்சத்திரத்துக்குக் குறைந்த லாரி, கேமராவும் சென்ஸாரும் பொருத்தாமல் உள்ளே வர முடியாது. இவை எல்லாம் முதலாளித்துவ நாடுகள்தான். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

நம்மிடம் விதி இல்லாமலும் இல்லை. லாரிப் பக்கவாட்டில் ஆள் உள்ளே விழாமல் தடுக்கும் கம்பித் தடுப்புக்கு இந்தியத் தரக் குறியீடே உண்டு: 14682. ரோட்டோரம் நின்று பத்து லாரியை எண்ணிப் பாருங்கள். எத்தனையில் தடுப்பு நேராக இருக்கிறது, எத்தனையில் வளைந்து தொங்குகிறது, எத்தனையில் இல்லவே இல்லை? கரும்பு ஏற்றிய டிரெய்லரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இதெல்லாம் வருகிறவரை நாம் செய்ய வேண்டியது: திரும்பும் லாரியின் இடது பக்கத்தில் நுழையாதீர்கள். முக்கில் அதன் பின்னாலேயே நில்லுங்கள். ஷிப்டுக்கு இரண்டு நிமிஷம் தாமதமானால் ஆகட்டும்.

இன்னொன்று மிக முக்கியம். "குறுக்கே வந்தான்" என்ற அந்த வார்த்தை வெறும் வார்த்தையல்ல, அது காசு. போலீஸ் முதல் தகவல் அறிக்கையில் அது ஏறிவிட்டால், இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு, செத்தவனுக்கும் பாதித் தப்பு என்று நஷ்ட ஈட்டை வெட்டப் பார்ப்பார். தாலி இழந்தவளிடமிருந்து இன்னொரு தடவை பிடுங்கல்! ஆகவே விபத்து நடந்தால் அன்றைக்கே நாலு பேர் ஸ்டேஷனுக்குப் போங்கள். சக்கரத் தடத்தையும் சைக்கிள் கிடந்த இடத்தையும் போனில் படம் எடுங்கள். பார்த்தவர் பெயரை எழுதச் சொல்லுங்கள். "வண்டி இடது பக்கம் திரும்பியது" என்ற சொற்கள் அறிக்கையில் இருக்கின்றனவா என்று படித்துப் பாருங்கள். வண்டி தெரிந்தால் ஆறு மாதத்துக்குள் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் மனு. வண்டி தெரியாமல் ஓடிவிட்டாலும் சும்மா இராதீர்கள்: 2022 ஏப்ரல் முதல், சாவுக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50 ஆயிரம் தர விதி உண்டு. நம்மில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தாசில்தார் ஆபீசில் கேட்டு வாங்குங்கள்.