உறங்காத காவலும் உறங்க வேண்டிய வண்டியும்

இலக்கியம் பேசும் இடத்தில் காவல்துறைக் கார்களுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். காவல் என்பது நம் இலக்கியத்துக்கும் பழைய பொருள்தான். மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் நூலேணியோடு திரியும் கள்வர்களைக் காட்டுகிறார். மழை கொட்டும் நள்ளிரவிலும் அவர்களைத் தேடித் தெருத்தெருவாகச் சுற்றும் ஊர்க்காப்பாளர்களையும் காட்டுகிறார். அந்தக் காவலர்களின் முதல் இலக்கணம் உறங்காமை. காவல் வாகனங்களை மின்சாரத்துக்கு மாற்றலாமா என்ற இன்றைய கேள்வியையும் அந்த இலக்கணத்தைக் கொண்டே அளக்கத் தோன்றுகிறது. ஏனெனில் மின்காருக்கு உறக்கம் வேண்டும். மின்னேற்றம்தான் அதன் உறக்கம்.

வேலூர் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு இது தொலைவில் உள்ள விஷயம் அன்று. இராணிப்பேட்டையில் மின் ஸ்கூட்டர் தொழிற்சாலை ஒன்று 2021 நவம்பரில் திறக்கப்பட்டது. பனப்பாக்கத்தில் டாட்டா மோட்டார்ஸ் நிறுவனத்தின் 9,000 கோடி ரூபாய் கார் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. இதே வேலூரில்தான் 2022 மார்ச்சில், இரவில் மின்னேற்றத்துக்குப் போடப்பட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். ஆக, ஆர்வத்துக்கும் அச்சத்துக்கும் இங்கே காரணம் உண்டு. இரண்டையும் சற்றே விலக்கி வைத்துவிட்டு, காவல் பணியின் இயல்பைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் ஃப்ரீமாண்ட் நகரக் காவல்துறை பழைய டெஸ்லா கார் ஒன்றை வாங்கி, 2019-இல் ரோந்துப் பணியில் இறக்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் ஒரு வாகனத்தைத் துரத்திச் சென்றபோது, இன்னும் 6 மைல் ஓடுவதற்கே மின்சாரம் இருக்கிறது என்று அதன் ஓட்டுநர் வயர்லெஸ்ஸில் அறிவிக்க நேர்ந்தது. உலகம் சிரித்தது. ஆனால் காரணத்தைப் பாருங்கள்: முந்தைய பணிமுறை முடிந்தபின் கார் முழுமையாக மின்னேற்றம் செய்யப்படவில்லை. பழுது காரில் இல்லை. ஒரு கை இன்னொரு கையிடம் வண்டியை ஒப்படைக்கும் முறையில் இருந்தது.

நம் நாட்டு அனுபவமும் பயனுள்ளதே. மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன நிறுவனமான இ.இ.எஸ்.எல். 2017-இல் அரசு அலுவலகங்களுக்கென 10,000 மின்கார்களுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியது. முதலில் வந்த கார்கள் ஒருமுறை மின்னேற்றினால் 80 கி.மீ. அளவுக்கே ஓடுகின்றன என்று 2018-இல் அதிகாரிகளே குறைப்பட்டுக்கொண்டார்கள். பின்னர் கேரள மோட்டார் வாகனத் துறை டாட்டா நெக்ஸான் மின்கார்களைக் குத்தகைக்கு எடுத்து, சாலை விதிமீறல்களைக் கண்காணிக்கும் பணியில் ஈடுபடுத்தியது. தெரிந்த பாதை, தெரிந்த நேரம், பணி முடிந்து திரும்ப ஓர் அலுவலகம்: மின்காருக்கு ஏற்ற வேலை இது.

இந்த அளவுகோலை நம் தோல் நகரங்களின் மேல் வைத்துப் பார்க்கலாம். வேலூர் நகரில் கோட்டை, பழைய பேருந்து நிலையம், காட்பாடி, சத்துவாச்சாரி என்று சுற்றும் ரோந்து வண்டி ஒரு நாளில் கடக்கும் தொலைவு பெரிதன்று. அது ஓடுவதைவிட நிற்பதே அதிகம். நிற்கும் டீசல் வண்டி குளிர்சாதனத்துக்காக இயந்திரத்தை உறுமவிட்டுப் புகை கக்குகிறது. மின்காருக்கு அந்த நேரத்தில் மணிக்குச் சுமார் ஒரு யூனிட் போதும் என்று கொண்டால், ஆறு மணி நேரத்துக்கு 6 யூனிட்; 30 யூனிட் மின்கலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. வேலூர் வெயிலிலும் இது தாங்கக்கூடிய கணக்கே. நாள் முழுவதும் சந்திப்பில் நின்று புகையைச் சுவாசிக்கும் போக்குவரத்துக் காவலருக்கும் சிறிது ஆறுதல்.

ஆம்பூரின் கதை வேறு. அங்கே காவலின் முதுகெலும்பு சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை. ஒருபுறம் பேரணாம்பட்டும் ஆந்திர எல்லைக் காடுகளும், மறுபுறம் ஆலங்காயமும் ஜவ்வாது மலை ஏற்றமும். மேடேறும்போதும் வேகமெடுக்கும்போதும் மின்கலம் விரைந்து வடியும். நெடுஞ்சாலையில் மின்னேற்றி நிலையங்கள் வந்துவிட்டன என்பது உண்மைதான். ஆனால் பெங்களூருக்குக் குடும்பத்தோடு போகிறவரின் காருக்குப் பின்னால் ரோந்து வண்டி வரிசையில் காத்திருக்க முடியாது. 2015 ஜூன் 27 இரவு ஆம்பூரில் கலவரம் மூண்டு நெடுஞ்சாலையே முடங்கியதை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய இரவில் வெளியூர்களிலிருந்தெல்லாம் வண்டிகள் வரும். எப்போது திரும்பும் என்று எவரும் சொல்ல முடியாது. பந்தோபஸ்துக்குக் கால அட்டவணை இல்லை.

இன்னொன்றையும் தோல் தொழில் நமக்குக் கற்றுத்தந்திருக்கிறது. பளபளக்கும் காலணி எங்கோ ஒரு கடையில் இருந்தது. அதன் கழிவு பாலாற்றில் இருந்தது. உச்ச நீதிமன்றம் 1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை நிலைநாட்டியது இந்த மண்ணை முன்வைத்துத்தான். மின்காரின் புகையும் அனல் மின்நிலையத்துக்கு இடம்பெயர்கிறது. அதன் மின்கலம் ஒருநாள் கழிவாகிறது. மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் 2022-இல் வந்துவிட்டன. ஆயுள் முடிந்த மின்கலத்தை யார் திரும்ப எடுத்துக்கொள்வார் என்பதைக் கொள்முதல் ஆணையிலேயே எழுதாமல் ஒரு காரைக்கூட வாங்கக்கூடாது.

ஆகவே என் கருத்து இது. நகர ரோந்துக்கும் போக்குவரத்துப் பிரிவுக்கும் மின்கார்கள் இப்போதே ஏற்றவை. நெடுஞ்சாலைக்கும் மலைக்கும் பந்தோபஸ்துக்கும் டீசல் வண்டிகள் இன்னும் சில காலம் இருக்கட்டும். காரை வாங்குவதற்கு முன் காவல் நிலையத்தில் விரைவு மின்னேற்றி வரவேண்டும், மின்தடைக்கு மாற்று ஏற்பாடு வேண்டும், தீப்பற்றினால் பரவாத திறந்த நிறுத்துமிடம் வேண்டும். மூன்று வண்டிகள் ஓடும் இடத்தில் நான்காவதாக ஒன்று உறங்கிக்கொண்டிருக்க வேண்டும். பணி மாறும்போது பதிவேட்டில் மின்கலத்தின் இருப்பும் எழுதப்பட வேண்டும். செலவுக் கணக்கை இவை அனைத்தையும் சேர்த்தே போட வேண்டும்.

ஆம்பூரில் காலணித் தொழிற்சாலை விட்டு இருட்டியபின் வீடு திரும்பும் பெண்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களில் ஒருத்தி அவசர எண்ணை அழைக்கும்போது, வருகிற வண்டி எதில் ஓடுகிறது என்று கேட்கப்போவதில்லை. வந்து சேர்ந்ததா என்பதே அவள் கேள்வி. மின்காரை வாங்குகிற அரசும் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும்.