முருகனும் ஏழு கேள்விக்குறிகளும்

வியாழக்கிழமை மாலை பெங்களூர் விவேக் நகருக்குள் வண்டியில் வருவது வேண்டாத வேலை. குழந்தை இயேசு ஆலயத்துக்கு நவநாள் கூட்டம் வந்துவிடும். பூக்காரர்கள், மெழுகுவத்திக் கடைகள், ஆட்டோக்கள் என்று தெரு நிறைந்துவிடும். அன்றைக்கு நான் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பேன். போன வாரம் அப்படி உட்கார்ந்திருக்கையில், வண்ணாரப்பேட்டைப் பக்கம் பிஜி விடுதியில் தங்கியிருக்கும் தென்காசித் தம்பி ஒருவர் லேப்டாப்போடு வந்து நின்றார். கோரமங்கலாவில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை.

“அண்ணா, ஜாவாவை 17க்கு மாத்தினேன். கசாண்ட்ரா எந்திரிக்கவே மாட்டேங்குது. லாக்ல ஒரு வரிகூட இல்ல.”

“ப்ரொடக்‌ஷனா?”

“ஐயோ, இல்லண்ணா. டெஸ்ட் சர்வர்தான்.”

அப்படியென்றால் காபி குடித்துவிட்டே பார்க்கலாம் என்றேன்.

இந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கசாண்ட்ரா ஒரு டேட்டாபேஸ். அவினாஷ் லக்‌ஷ்மண், பிரசாந்த் மாலிக் என்ற இருவர் ஃபேஸ்புக்கில் வேலை பார்த்தபோது எழுதியது. 2008இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. ஜாவாவில் எழுதப்பட்டதால், சர்வரில் இது ஓட வேண்டுமென்றால் அடியில் ஜாவா ஓட வேண்டும். எந்த ஜாவாவும் ஆகாது. கசாண்ட்ரா 3.11க்கு ஜாவா 8தான். 4.0க்கும் 4.1க்கும் 8 அல்லது 11. 2024 செப்டம்பரில் வந்த 5.0க்கு 11 அல்லது 17. ஜாவா 8ஐ அது ஏற்காது. பழைய வீட்டிலிருந்து புதிதுக்கு ஒரே தாவலில் போக முடியாதபடி கணக்கு இருக்கிறது. முதலில் 4க்கு வந்து, அங்கே ஜாவாவை 11 ஆக்கி, பிறகு 5.0, அதற்குப் பிறகு 17. நடுவில் இருக்கும் 11தான் பாலம்.

தம்பி அந்த வரிசையைச் சரியாகவே செய்திருந்தார். லாக் ஏன் வெறுமையாக இருக்கிறது என்பதுதான் அவருக்குப் புரியவில்லை. ஜாவாவே எழுந்திருக்காதபோது கசாண்ட்ரா எங்கிருந்து லாக் எழுதும்? டேட்டாபேஸின் லாக்கை மூடிவிட்டு, லினக்ஸின் சர்வீஸ் ஜர்னலைத் திறக்கச் சொன்னேன். அங்கே இருந்தது: ‘அன்ரெகக்னைஸ்டு விஎம் ஆப்ஷன்’, பக்கத்திலேயே ‘யூஸ் கான்க் மார்க் ஸ்வீப் ஜிசி’.

அது பழைய கார்பேஜ் கலெக்டரின் பெயர், சிஎம்எஸ் என்பார்கள். நிரல் பயன்படுத்தி முடித்த நினைவகத்தைத் திரும்ப எடுப்பது அதன் வேலை. ஜாவா 8 காலத்தில் கசாண்ட்ராக்காரர்கள் இதையே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாகத் திருகித் திருகி வருடக்கணக்கில் பழக்கியிருந்தார்கள். 2017இல் வந்த ஜாவா 9, இது போகப்போகிறது என்று அறிவித்தது. 2020இல் வந்த 14, எடுத்தே விட்டது. கசாண்ட்ரா ஜாவா 11க்கு ஒரு அமைப்புக் கோப்பும் 17க்கு வேறொரு கோப்பும் தனித்தனியாகத் தருகிறது. நம்மாள் முன்னோர் சேர்த்த சொத்தை விட மனமில்லாமல், பழைய கோப்பின் வரிகளை அப்படியே 17க்குரிய கோப்பில் ஒட்டியிருந்தார். அந்த வரிகளை எடுத்துவிட்டு ஜி1 என்ற கலெக்டரை வைத்ததும் சர்வர் எழுந்துவிட்டது.

உண்மையில் இது நல்ல வகைக் கோளாறு. உடனே தெரிகிறது, உடனே தீர்கிறது. நான் பயப்படுவது வேறொன்றுக்கு. உபுண்டு சர்வரில் வேறு ஏதோ ஒரு கருவிக்காக யாரோ புது ஜாவாவை நிறுவி, ‘அப்டேட் ஆல்டர்னேட்டிவ்ஸ்’ கட்டளையால் சிஸ்டத்தின் ஜாவாவையே மாற்றிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த நேரம் டேட்டாபேஸுக்கு ஒன்றும் ஆகாது. அது பழைய ஜாவாவில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. மாதங்கள் கழித்து ஒரு நாள் சர்வரை ரீஸ்டார்ட் செய்யும்போதுதான் விழும். அப்போது மாற்றியவர் வேறு கம்பெனியில் இருப்பார். கசாண்ட்ராவின் துவக்க ஸ்கிரிப்ட் முதலில் ‘ஜாவா ஹோம்’ இருக்கிறதா என்று பார்க்கும். இல்லாவிட்டால் பாதையில் கிடைக்கும் ஜாவாவை எடுத்துக்கொள்ளும். ஆகவே டேட்டாபேஸுக்கென்று தனி ஜாவா, தனிப் பாதை, அதன் சர்வீஸ் கோப்பிலேயே எழுதிவைப்பது. எந்தக் காரணத்துக்கும் சிஸ்டத்தின் ஜாவாவில் டேட்டாபேஸ் ஓடக்கூடாது என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை.

ஓடும் டேட்டாபேஸில் ஜாவாவை மாற்றும் முறையில் அதிக மர்மம் கிடையாது. தரவு மூன்று நோடுகளில், அதாவது மூன்று சர்வர்களில், மூன்று பிரதிகளாக இருக்கும். இரண்டு பதில் சொன்னால் போதும் என்று வைத்திருப்போம். மூன்று தராசு உள்ள ரேஷன் கடையில் ஒன்றை நிறுத்தினாலும் வரிசை நகரும் அல்லவா, அப்படி. ஒரு நோடில் ‘நோட்டூல் ட்ரெய்ன்’ கொடுத்து நினைவகத்தில் இருப்பதை டிஸ்க்குக்கு இறக்கி, நிறுத்தி, ஜாவாவை மாற்றி, எழுப்பி, ‘யுஎன்’ (எழுந்து இயல்பாக ஓடுகிறது) என்று காட்டும்வரை காத்திருந்து, அடுத்த நோடுக்குப் போக வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரு நோடு கிடப்பில் இருந்தால், மற்ற நோடுகள் அதற்காகக் குறிப்பு சேர்த்துவைப்பதை நிறுத்திவிடும். பிறகு ரிப்பேர் ஓட்டித்தான் சமன் செய்ய வேண்டும். சொல்லப்போனால் அந்த மூன்று மணி நேரம்தான் நம் பொறுமைக்கு எல்லை.

இவ்வளவு எளிதென்றால், 2014 மார்ச்சில் வந்த ஜாவா 8 இன்னும் ஏன் இத்தனை சர்வர்களில் இருக்கிறது? ஓடுகிறதைத் தொடாதே என்பதுதான் நம் ஊர் ஆபரேஷன்ஸ் வேதம். பாதுகாப்பு ஓட்டை என்று சொன்னால் மேலாளருக்குக் காது கேட்காது. 2019இல் ஆரக்கிள் தன் ஜாவா 8இன் புதிய திருத்தங்களை வணிகப் பயன்பாட்டுக்கு இலவசமாகத் தருவதை நிறுத்தியது. 2023 ஜனவரியில் கம்பெனியில் மொத்தம் எத்தனை ஊழியர்கள் என்ற கணக்கில் சந்தா கேட்கத் தொடங்கியது. அப்போது கேட்டது பாருங்கள் காது! டெமுரின், கொரெட்டோ, ஜூலு என்று இலவச ஓபன் ஜேடிகே பொதிகளைத் தேடி ஓடினார்கள். ஓடியதில் தவறில்லை, கொஞ்சம் முன்பே ஓடியிருக்கலாம்.

சர்வர் எழுந்ததும் தம்பி கிளம்பப் பார்த்தார். உட்காருங்கள், இனிமேல்தான் விஷயம் என்றேன்.

சத்தமில்லாமல் தவறாகும் இடங்கள் டேட்டாபேஸைச் சுற்றியுள்ள சின்னச் சின்ன நிரல்களில் இருக்கின்றன. கசாண்ட்ரா எழுத்தை எப்போதும் யுடிஎஃப்-8 ஆகவே வைக்கும். அதற்குத் தரவை ஊட்டும் ஜாவா நிரல் அப்படி இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஜாவா 17 வரை, நிரலில் குறியாக்கம் எதுவென்று சொல்லாவிட்டால், சர்வரின் மொழி அமைப்பைப் பார்த்து ஜாவாவே ஒன்றை எடுத்துக்கொண்டது. லினக்ஸில் மொழி ‘சி’ என்று கிடந்தால் வெறும் ஆஸ்கி. ‘முருகன்’ என்பது நமக்கு நான்கு எழுத்து, யூனிகோடில் ஏழு குறி, யுடிஎஃப்-8இல் 21 பைட். அந்த நிரல் இதைக் கோப்பில் எழுதினால் வருவது ஏழு கேள்விக்குறிகள். பிழைச் செய்தி எதுவும் வராது. அதை டேட்டாபேஸில் ஏற்றிய பிறகு முருகனை மீட்க வழியில்லை.

2022 மார்ச்சில் வந்த ஜாவா 18 இதைச் சரிசெய்து, எங்கும் யுடிஎஃப்-8 என்று ஆக்கியது. நல்லதுதான். ஆனால் 1999 தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப், அப்புறம் திஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களில் கோப்புகள் வைத்திருப்பவர்களுக்கு இது நேரெதிர் ஆபத்து. விண்டோஸ் சர்வரில் பழைய ஜாவா அந்த பைட்டுகளை ஐரோப்பிய எழுத்துகளாக நினைத்து அப்படியே கடத்திவிடும்; குறியாக்க மாற்றி நிரல் பின்னால் தமிழாக்கிக்கொள்ளும். ஜாவா 21 அவற்றைச் செல்லாத யுடிஎஃப்-8 என்று கருதி அழித்துவிடும். ஒரே மாற்றம் ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்கு நஞ்சு.

தேதிக்கும் இப்படித்தான். 2023இல் வந்த ஜாவா 20 முதல், அமெரிக்க ஆங்கில வடிவில் நேரத்தை எழுதும்போது ‘ஏஎம்’முக்கு முன்னால் சாதாரண இடைவெளி இல்லை, கண்ணுக்கு அப்படியே தெரியும் வேறொரு குறுகிய இடைவெளிக் குறி. அதைப் படிக்கும் நிரல்கள் உலகமெங்கும் தடுக்கி விழுந்தன.

தம்பியின் சோதனைத் தரவைத் திறந்து பார்த்தேன். ஜான், மேரி, டெஸ்ட்1, டெஸ்ட்2, எல்லாம் ஆங்கில எழுத்தில். பெங்களூரில் உட்கார்ந்து, தமிழும் கன்னடமும் பேசுகிறவர்களின் பெயர்களைச் சேமிக்கப்போகிற டேட்டாபேஸில் ஓர் இந்திய எழுத்துகூட இல்லை.

உங்கள் சர்வர்களிலும் ஜாவா மாறும் முறை வரத்தான் போகிறது. அதற்கு முன்னால் உங்கள் சோதனைத் தரவில் ஒரு தமிழ்ப் பெயரையும் ஒரு கன்னடப் பெயரையும் காலை 10:30 என்று ஒரு நேரத்தையும் சேர்த்துவிடுங்கள். மாற்றிய பிறகு அந்த மூன்றையும் எழுதி, திரும்பப் படித்து, பைட் பைட்டாக ஒப்பிட்டுப் பாருங்கள்.