இன்று கிளம்பவில்லை

"துறைமுகத்துல சும்மா நிக்கிற நாள்ல என்ன சார் செய்வீங்க? போரடிக்காதா?"

பாய்மரப் படகு என்று பேச்செடுத்தாலே யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார். லங்காவியின் குவா துறைமுகத்தில் காற்று மாறக் காத்திருந்த ஒரு வியாழக்கிழமையைச் சொன்னால் அவர்களுக்குப் பதில் கிடைத்துவிடும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அஸார் மன்சோர் இல்லை. 1999-ல் லங்காவியிலிருந்து 'ஜாலூர் கெமிலாங்' படகில் தனியாகக் கிளம்பி உலகைச் சுற்றி வந்தவர் அவர். நான் 28 அடிப் படகை வைத்துக்கொண்டு மலாக்கா நீரிணையின் கரையோரமாகவே போய்வருபவன். தனியாகப் போவது ஒன்றுதான் எங்கள் இருவருக்கும் பொது.

அன்று விடியற்காலை நாலரை மணிக்கு என்னை எழுப்பியது 'சுமத்ரா'. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், இரவில் சுமத்ரா பக்கம் திரண்டு, நீரிணையைத் தாண்டி, பெரும்பாலும் விடியும் நேரத்தில் நம் கரையில் வந்து மோதும் இடிமழைக் காற்றுக்கு அந்தப் பெயர். இலைகூட அசையாமல் இருந்த இடத்தில் சில நிமிடங்களில் பேய்க்காற்று அடிக்கும். மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினேன். கட்டிய கயிறுகள் முனகின. ஜெட்டியில் படகு உரசாமல் ரப்பர் உருளைகளைச் சரிசெய்தேன். ஒரு மணி நேரத்தில் எல்லாம் ஓய்ந்தது. ஆனால், தூக்கம் போனது போனதுதான்.

எனக்கு அவசரம் ஒன்று இருந்தது. சனிக்கிழமை சித்தியவானில் அக்கா வீட்டில் அம்மாவின் முதலாமாண்டுத் திதி. படகிலேயே லுமுட் போய் இறங்கி, அங்கிருந்து அக்கா வீட்டுக்குப் போவதாகத் திட்டம். குவாவிலிருந்து லுமுட் ஏறக்குறைய 130 கடல் மைல். மணிக்கு 5 கடல் மைல் என்றால் 26 மணி நேரம். அதுவும் காற்று எதிரே நிற்காமல் இருந்தால். நடுவில் பினாங்கில் ஓர் இரவு தங்கலாம் என்று புதன்கிழமையே கிளம்பியிருக்க வேண்டும். இரண்டு நாளாக வானிலை ஆய்வுத் துறையின் அறிவிப்பு ஒரே பல்லவிதான்: பலத்த காற்று, சிறு படகுகளுக்கு ஆபத்து.

கிளம்ப முடியாத நாளில்தான் படகில் வேலை அதிகம். ஒரு பழைய பள்ளி நோட்டில் பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். இன்ஜின் எண்ணெய் பார்த்தேன். டீசல் வடிகட்டியின் அடியில் தங்கிய தண்ணீரை வடித்தேன். நம் ஊர்ப் புழுக்கத்தில் தொட்டிக்குள் தண்ணீர் சேரும். தண்ணீர் சேர்ந்தால் டீசலில் பாசி மாதிரி ஒன்று வளர்ந்து, தேவைப்படும் நேரத்தில் இன்ஜினை நிறுத்திவிடும். கடல் நீரை இழுத்து இன்ஜினைக் குளிரவைக்கும் பம்புக்குள் ஒரு சின்ன ரப்பர் சக்கரம் உண்டு. அதன் இதழ்களில் ஒன்று வெடித்திருந்தது. மாற்றினேன். பாயில் வெயில் பட்டு இற்றுப்போன தையலைக் கோணி ஊசியால் தைத்தேன். உள்ளங்கையில் தோல் பட்டை கட்டிக்கொண்டுதான் அந்த ஊசியைத் தள்ள முடியும். ஒரு முழம் தைக்கவே அரை மணி நேரம் ஆனது.

மதியம் சோறு வடித்து, சார்டின் சம்பலோடு சாப்பிட்டேன். இப்படி உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் எனக்குக் கடாரம் நினைவுக்கு வரும். இங்கிருந்து பினாங்கு போகும் வழியில் இடப்பக்கம் ஜெராய் மலை தெரியும். 1,217 மீட்டர் உயரம். அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு. தென்மேற்குக் காற்றைப் பிடித்து வங்காள விரிகுடாவைக் கடந்த நம் வணிகர்களுக்கு அந்த மலைதான் அடையாளம். வந்தவர்கள் நினைத்த நாளில் திரும்பிவிட முடியாது. வடகிழக்குக் காற்று எழும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இந்த நீரிணையின் பழைய துறைமுகங்கள் வளர்ந்ததில் அந்தக் காத்திருப்புக்கும் பங்கு உண்டு. எனக்கோ இரண்டு நாளே பொறுக்கவில்லை.

மூன்று மணிக்குக் கைப்பேசியில் புதிய கணிப்பு வந்தது. அன்று மாலை முதல் வெள்ளி இரவு வரை காற்று தணியும். மனம் துள்ளியது. ஆறு மணிக்குக் கிளம்பி, பினாங்கில் நிற்காமல் போனால், வெள்ளி இரவே லுமுட்!

நிற்காமல் என்றால் தூங்காமல். தனி ஆள் இரவில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்துத்தான் கண்ணயர முடியும். தொடுவானத்தில் புள்ளியாகத் தெரியும் சரக்குக் கப்பல் அதற்குள் பக்கத்தில் வந்து நிற்கும். கரையோரமாகப் போனாலோ விளக்கில்லாத மீன்பிடி வலைகள். இதெல்லாம் தெரிந்தும், பரவாயில்லை, ஓர் இரவுதானே என்று நினைத்தேன்.

பட்டியலில் கடைசியாக ஒரு வேலை மிச்சம் இருந்தது. பாய்மரத்தை இருபுறமும் இழுத்துப் பிடிக்கும் எஃகு வடங்களைச் சோதிப்பது. அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு டிஷ்யூ தாளை வடத்தைச் சுற்றிப் பிடித்து மேலும் கீழும் இழுத்தால் போதும். கண்ணுக்குத் தெரியாத முறிவு இருந்தாலும் தாள் சிக்கும்.

இடப்பக்க வடத்தின் அடிப்பகுதியில், குழலுக்குள் நுழையும் இடத்தில் சிக்கியது.

பத்தொன்பது இழைகளில் ஒன்று முறிந்திருந்தது.

ஒன்றுதானே, பதினெட்டு இருக்கிறதே என்று மனம் உடனே கணக்குப் போட்டது. அந்தக் கணக்கில் ஒரு பொய் இருந்தது. மற்ற பதினெட்டுக்கும் அதே வயது. எல்லாம் அதே உப்புத் தண்ணீரில் நனைந்தவை. குழலுக்குள் காற்றுப் படாமல் தேங்கும் நீர் உள்ளே எதை அரித்திருக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்க முடியாது. இரவில் காற்று கூடும்போது அந்த வடம் அறுந்தால் மரமே சாயும்.

இரண்டு பேர் போகும் படகில் ஒருவர் 'வேண்டாம்' என்பார். தனி ஆளுக்கு அந்த இரண்டாவது குரல் இல்லை. அதனால் நானே ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பக்கத்துப் படகுக்காரர் இதே வடத்தைக் காட்டி, "இன்னிக்கு ராத்திரி கிளம்பலாமா?" என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? யோசிக்கவே தேவையில்லை. போகாதீர்கள் என்பேன்.

அக்காவுக்குப் போன் போட்டேன். வடம், இழை, காற்று என்று ஐந்து நிமிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"அதெல்லாம் சரிடா தம்பி. ஃபெரி ஓடலியா? பஸ் ஓடலியா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. மூன்று நாளாக அந்த யோசனை என் தலைக்குள் நுழையவே இல்லை. படகு வைத்திருப்பவன் ஃபெரியில் போவதா என்ற வீம்பு. அம்மாவின் திதிக்குப் போவதை விட, படகில் வந்து இறங்குவது எனக்குப் பெரிதாகிவிட்டிருந்தது. உயிரோடு இருந்தவரை அம்மா போனில் கேட்ட முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "கரையில இருக்கியாப்பா?"

கயிறுகளை இரட்டையாகக் கட்டினேன். பக்கத்துப் படகுக்காரரிடம் ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொன்னேன். வெள்ளிக்கிழமை கோலகெடா ஃபெரியில் ஏறி, பஸ் மாறி, இரவுச் சாப்பாட்டுக்குச் சித்தியவான் போய்ச் சேர்ந்தேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வியாழன் இரவு கடல் குளம்போலக் கிடந்தது. நான் கிளம்பியிருந்தால் அந்த வடம் தாங்கியிருக்கலாம். பத்திரமாகவே போய்ச் சேர்ந்திருக்கலாம். படகிலேயே படுத்திருந்த அந்த இரவு முழுக்க அது உறுத்தியது. போகாமல் இருந்தது சரிதான் என்று கடல் நமக்கு ஒருபோதும் எழுதிக் கொடுப்பதில்லை. அலுவலகத்திலும் வீட்டிலும் இப்படி 'வேண்டாம்' என்று முடிவெடுத்தவர்களுக்கு அந்த உறுத்தல் புரியும்.

சனிக்கிழமை படையலுக்கு முன் அக்கா என் கையைப் பார்த்தார். ஊசி குத்திய இடங்கள் சிவந்திருந்தன.

"சும்மா நின்னுக்கிட்டு இருந்தேன்னு சொன்னே?" என்றார்.

திங்கள் மாலை குவாவுக்குத் திரும்பி நோட்டைத் திறந்தேன். பட்டியலின் அடியில் எழுதினேன்: இடப்பக்க வடம், புதிது. அதற்குக் கீழே இன்னொரு வரி: வலப்பக்கமும்.