பிள்ளையின் நிறையும் நாட்டின் நெறியும்



ஆண்டுதோறும் ஆடித் திங்களில் கொல்லிமலையிலே வல்வில் ஓரிக்கு அரசு விழா எடுக்கின்றது. எடுக்கட்டும், மகிழ்வோம். ஆயின், அவ் வள்ளலின் மலையில் இன்று பிறக்கும் பிள்ளை என்ன நிறையோடு பிறக்கின்றது, பிறந்தபின் எவ்வாறு வளர்கின்றது என நம்மில் எத்துணைப் பேர் எண்ணிப் பார்த்தோம்?

2500 கிராமுக்குக் குறைந்து பிறப்பதை நிறைகுறைந்த குழந்தை என்பர் மருத்துவர். 2019-21இல் எடுக்கப்பெற்ற நாடளாவிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் நிறை பார்க்கப்பெற்ற குழந்தைகளுள் ஏறத்தாழ 18 விழுக்காடு இத்தகையன. தமிழ்நாட்டில் ஐந்தகவைக்கு உட்பட்டோருள் நால்வரில் ஒருவர் அகவைக்குரிய உயரமின்றி உள்ளனர். தாயின் குருதிச்சோகை, அரைவயிற்றுணவு, பதினெட்டு நிரம்பாமுன் மணம், இடைவெளியற்ற மகப்பேறு ஆகியவை முதன்மைக் கரணியங்கள்.

"மலைப்பிள்ளை பிறவியிலேயே சிறுகூடு, என் செய்வது?" என்பார் உளர். இது பொய்யுரை. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் ஆய்ந்து, உலக நலவாழ்வு அமைப்பு 2006இல் வளர்ச்சி அளவைகளை வெளியிட்டது. நன்கு பேணப்பெற்ற பிள்ளைகள் எங்குப் பிறப்பினும் முதல் ஐந்தாண்டில் ஏறத்தாழ ஒரே சீராய் உயர்கின்றனர் என அவ்வாய்வு காட்டிற்று. குறை குடிப்பிறப்பில் இல்லை, உண்கலத்தில் உள்ளது!

நிறைகுறைந்து பிறந்த பிள்ளை இழந்ததை மீட்கும் காலம் பெரிதும் முதல் ஈராண்டே. தாயின் மார்போடு மெய்யொட்ட அணைத்து வெம்மை காக்கும் முறை 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கிற்று. மலைக்குளிருக்கு இதனினும் எளிய காப்பு யாது? ஆறு திங்கள் தாய்ப்பால் மட்டும். அதன்பின் தாய்ப்பாலொடு கூழும் பருப்பும் முட்டையும் கீரையும் வேண்டும். பருக்க வைப்பது வளர்ப்பதாகாது. சிறுத்துப் பிறந்து பின் மிகக் கொழுத்தோர்க்கு நீரிழிவும் நெஞ்சக நோயும் மிகுதல் அறியப்பட்ட உண்மை.

சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த கொல்லிமலை நிலங்களில் சவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி பரவிற்று. அதில் மாவு மிகுதி; புரதமோ மிகக் குறைவு. அடிவாரத்து நாமக்கல் முட்டை கடல் கடந்து செல்கின்றது. மலைமேல் தவழும் பிள்ளையின் கலத்திற்கும் அது நாள்தோறும் ஏறவேண்டாமா?

இன்னொரு கொடுமை! மருத்துவமனையிலிருந்து தாய் பெற்றுவரும் தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளது. எவ்வளவு ஊட்டுவது, எந்நாள் மீண்டும் நிறை பார்ப்பது என்பனவற்றைத் தமிழ்த்தாய் தமிழில் அறியக்கூடாதா? மொழிக்கேடு இங்கு உயிர்க்கேடாகின்றது.

வழி நமக்குப் புதிதன்று. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டத் திட்டத்தில், திங்கள்தோறும் பிள்ளைகளை நிறுத்து, நிறை ஏறாதார்க்கு மிகையுணவு அளித்தனர். அந்நெறி கொல்லிமலையில் ஊர்தோறும் வழுவாது நடைபெறல் வேண்டும். எழுபது கொண்டையூசி வளைவுகளைத் தாய் இறங்கிவருதல் முறையன்று. துலாக்கோல் அவள் வாயிற்கு ஏறிச் செல்லட்டும். குறைப்பேற்றுப் பிள்ளையின் வளர்ச்சியைப் பிறந்திருக்க வேண்டிய நாள்முதல் கணக்கிடுக. சாமையும் கேழ்வரகும் குழந்தைகள் நடுவத்து உணவில் இடம்பெறுக. மருத்துவத்தாள் தமிழில் எழுதப்பெறுக.

ஓரிக்கு மாலை சூட்டும் கைகள் அவன் மலைப்பிள்ளைக்கு ஒருபிடி ஊட்டட்டும். அதுவே மெய்யான விழா!