பேரு நாலு, மருந்து ஒண்ணு! வலி மாத்திரையில் ஏமாறலாமா?

"ஸ்ட்ராங்கா ஒண்ணு கொடுங்க!"

மருந்துக் கடையில் இந்தக் குரல் கேட்காத நாள் இல்லை. முதுகு வலி, மூட்டு வலி, பல் வலி, எதுவானாலும் வருகிறவர் கேட்பது ஒரே கேள்வி. "எது பவர் ஜாஸ்தி?"

கேள்வியே தப்பு. கேட்க வேண்டியது, "இதுக்குள்ள என்ன இருக்கு?" என்பதுதான்.

அதைக் கேட்காமல் விட்டதற்கு அமெரிக்கா பெரிய விலை கொடுத்தது. அங்கே நடந்ததைத் தெரிந்துகொண்டால், இங்கே கடை வாசலில் நிற்கிறவருக்கும் புத்தி வரும்.

உள்ளே இரண்டு பேர்

அமெரிக்காவில் வைகோடின் என்று ஒரு வலி மாத்திரை. லார்டாப் என்று இன்னொன்று. நார்கோ என்று மூன்றாவது. "எனக்கு வைகோடின் கேட்காது, நார்கோதான் கேட்கும்" என்று சண்டை போட்ட நோயாளிகள் அங்கே உண்டு.

மூன்றிலும் இருப்பது ஒன்றேதான். ஹைட்ரோகோடோன் என்ற அபின் இனத்து மருந்து. கூடவே, அங்கே அசிட்டமினோபென் என்று சொல்லப்படும் மருந்து. அது வேறு எதுவும் அல்ல. இங்கே காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால்தான்!

பெர்கோசெட் என்று நாலாவது ஒன்று. அதில் ஹைட்ரோகோடோனுக்குப் பதில் ஆக்சிகோடோன். துணைக்கு அதே பாராசிட்டமால்.

அபின் இனத்து மருந்து மூளைக்குப் போகும் வலிச் சேதியை அமுக்கும். பாராசிட்டமால் வேறு வழியில் வலியைக் குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் அபின் மருந்தைக் குறைவாகக் கொடுத்தாலும் போதும். கலவையின் நியாயம் இதுதான். நியாயமான நியாயம்.

வம்பு எங்கே வந்தது? அளவில்தான்.

பழைய வைகோடின் மாத்திரை ஒன்றில் ஹைட்ரோகோடோன் 5 மில்லிகிராம், பாராசிட்டமால் 500 மில்லிகிராம். ஒரு நாளைக்கு எட்டு மாத்திரைக்கு மேல் கூடாது என்பது விதி. எட்டு மாத்திரை போட்டால் பாராசிட்டமால் 4000 மில்லிகிராம். நல்ல ஆரோக்கியமுள்ள பெரியவருக்கே ஒரு நாள் உச்சவரம்பு அதுதான்! அதே கம்பெனியின் இன்னொரு மாத்திரையில் 750 மில்லிகிராம். அதில் ஆறு போட்டாலே வரம்பு தாண்டிவிடும்.

நார்கோவில் பாராசிட்டமால் 325 மட்டுமே. ஹைட்ரோகோடோன் அதே 5 மில்லிகிராம். ஆக, "எது உசத்தி" என்று கேட்டவர்கள் கவனிக்காத வித்தியாசம் கல்லீரலில் போய் நின்றது.

நாலு எழுத்தில் ஒளிந்த ஆபத்து

வலிக்காக ஒரு மாத்திரை. தலைவலிக்குத் தனியாகப் பாராசிட்டமால். ஜலதோஷத்துக்கு ஒன்று, அதிலும் பாராசிட்டமால். மூன்றும் ஒரே வயிற்றுக்குள்!

அமெரிக்க மருந்துக் கடைகள் டப்பாவில் "ஏ.பி.ஏ.பி." என்று நாலு எழுத்தில் அந்த மருந்தைச் சுருக்கி அச்சடித்தன. சாமானியனுக்கு அது பாராசிட்டமால் என்று எப்படித் தெரியும்? அங்கே திடீரென்று கல்லீரல் செயலிழப்பதற்கு முதல் காரணம் இந்த மருந்தின் மிகை அளவுதான்.

2011 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை விழித்துக்கொண்டது. சீட்டுக்குக் கொடுக்கும் கலவை மாத்திரை எதிலும் பாராசிட்டமால் 325 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்றது. மூன்று வருட அவகாசம் கொடுத்தது. கல்லீரல் எச்சரிக்கையைக் கட்டம் கட்டி அச்சடிக்கச் சொன்னது.

2014 அக்டோபரில் அடுத்த அடி. ஹைட்ரோகோடோன் கலவைகள் மிகக் கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டன. டாக்டர் போனில் சொல்லி மாத்திரை வாங்கும் பழக்கமும், ஒரே சீட்டைக் காட்டித் திரும்பத் திரும்ப வாங்கும் பழக்கமும் முடிவுக்கு வந்தன. ஆனால் அதற்குள் லட்சக்கணக்கான வீடுகளில் அடிமைப் பழக்கம் நுழைந்துவிட்டது.

போட்டியில் ஜெயித்தது யார்?

சரி, இந்த மாத்திரைகளுக்குள் எதுதான் வலியை அதிகம் குறைக்கிறது? அதையும் ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள்.

நியூயார்க் நகரில் பிராங்ஸ் பகுதி ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவு. கை கால் அடிபட்டு, கடும் வலியோடு வந்த 416 பேர். அவர்களை நாலு கூட்டமாகப் பிரித்தார்கள். முதல் கூட்டத்துக்கு ஆக்சிகோடோன் கலவை. இரண்டாவதற்கு ஹைட்ரோகோடோன் கலவை. மூன்றாவதற்குக் கோடீன் கலவை. நாலாவது கூட்டத்துக்கு அபின் வாடையே இல்லை. ஐபுபுரோபென் 400 மில்லிகிராமும் பாராசிட்டமால் 1000 மில்லிகிராமும் மட்டும்.

இரண்டு மணி நேரம் கழித்து வலியைப் பத்துக்கு எத்தனை என்று கேட்டார்கள். நாலு கூட்டத்திலும் வலி ஏறக்குறைய ஒரே மாதிரி குறைந்திருந்தது! சாதாரண மாத்திரைக்கு 4.3 புள்ளி. ஆக்சிகோடோனுக்கு 4.4. கோடீனுக்கு 3.9. ஹைட்ரோகோடோனுக்கு 3.5. மருத்துவக் கணக்கில் இது வித்தியாசமே அல்ல. 2017 நவம்பரில் இந்த முடிவு வெளிவந்தது.

"பவர் ஜாஸ்தி" என்ற பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

இதில் ஒரு கவனம் வேண்டும். அடிபட்ட வலிக்கு, முதல் இரண்டு மணி நேரத்துக்கு வந்த முடிவு இது. பெரிய ஆபரேஷனுக்கும் புற்றுநோய்க்கும் இதை நீட்டக் கூடாது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஐபுபுரோபெனும் ஆகாது. டாக்டர் எதற்கு இருக்கிறார்? இதைப் பார்த்துச் சொல்லத்தான்.

சென்னைக் கடையில்...

வைகோடின் சென்னையில் கிடையாது. ஆனால் அதன் ஒன்றுவிட்ட தம்பி இருக்கிறது. பெயர் டிரமடால். கூடவே பாராசிட்டமால். பெரும்பாலும் 37.5 மில்லிகிராம், 325 மில்லிகிராம் என்ற கணக்கு. பல கம்பெனிகள், பல பெயர்கள். உள்ளே இருப்பது ஒன்று.

டிரமடால் 1977ல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த மருந்து. "லேசான மருந்துதான், பழக்கமாகாது" என்று வெகுகாலம் நம்பினார்கள். நம்பிக்கை பொய்த்தது. 2018ல் மத்திய அரசு இதைப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது.

இந்த மருந்துக்கு ஒரு விசித்திரம் உண்டு. உடம்புக்குள் போய், கல்லீரல் அதை வேறு பொருளாக மாற்றினால்தான் முழு வேலை செய்யும். கோடீனும் அப்படித்தான். சிலர் உடம்பு மெதுவாக மாற்றும். அவர்களுக்கு மாத்திரை கேட்காது. சிலர் உடம்பு படுவேகமாக மாற்றும். அவர்களுக்கு அதே மாத்திரையில் மூச்சு மந்தமாகும். அதனால்தான் 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இவை கூடாது என்று 2017ல் அமெரிக்கா கண்டிப்பாகச் சொன்னது.

"பக்கத்து வீட்டுக்காரருக்கு நல்லாக் கேட்டுச்சு, நானும் போடுறேன்" என்பது எவ்வளவு பெரிய ஆபத்து, பார்த்தீர்களா!

வலிப்பு நோய் உள்ளவர், மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், டிரமடாலை டாக்டரிடம் சொல்லாமல் தொடவே கூடாது. குடித்துவிட்டுப் போட்டால் மூச்சே நின்றுபோகலாம். போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுவதும் ஆபத்து. வாரக்கணக்கில் போட்டவர் திடீரென்று நிறுத்தினால் வியர்வை, பதற்றம், தூக்கமின்மை. டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ஒரு நிமிஷக் கணக்கு

டிரமடால் கலவை நாலு வேளை: பாராசிட்டமால் 1300. "காய்ச்சல் மாதிரி இருக்கு" என்று 650 மாத்திரை நாலு: 2600. மொத்தம் 3900. மூக்கு ஒழுகுதே என்று ஜலதோஷ மாத்திரை இரண்டு, தலா 500: இன்னொரு 1000. கூட்டினால் 4900!

போட்டவர் மகா யோக்கியர். எந்த மாத்திரையையும் அளவுக்கு மீறிப் போடவில்லை. வரம்பு மட்டும் தாண்டிவிட்டது.

கல்லீரல் உடனே கத்தாது. முதல் நாள் சும்மா இருக்கும். இரண்டு, மூன்று நாள் கழித்துத்தான் சேதம் தெரியும். மாற்று மருந்து உண்டு. எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்றாகக் காப்பாற்றும். அதனால் "ஒண்ணும் தெரியலையே" என்று வீட்டில் உட்காராமல், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். குடிப்பழக்கம் உள்ளவருக்கும் கல்லீரல் நோயாளிக்கும் வரம்பு இன்னும் குறைவு.

வலிக்காரர் தவிக்கக் கூடாது

இதைப் படித்துவிட்டு, "இந்த மருந்தையெல்லாம் ஒழித்துக்கட்டு" என்று யாராவது கிளம்பினால் அதுவும் தப்பு.

1985ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில், புற்றுநோயாளிகளுக்கு மார்பின் கிடைப்பதே குதிரைக்கொம்பாகிவிட்டது. லைசென்சுக்கு மேல் லைசென்சு. மருந்து இருந்தும் மனிதர்கள் துடித்தார்கள். 2014ல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் கொஞ்சம் வழி பிறந்தது. கடத்தல்காரனுக்குப் போட்ட பூட்டில் நோயாளி மாட்டிக்கொள்ளக் கூடாது.

மறுபக்கம், ஆபத்தான மருந்தைத் தயங்காமல் தூக்கவும் வேண்டும். டெக்ஸ்ட்ரோபுரோபாக்சிபீன் என்ற வலி மருந்து பல்லாண்டு பல பெயர்களில் விற்றது. இதயத் துடிப்பைக் கெடுக்கிறது என்று 2010ல் அமெரிக்காவில் நிறுத்தினார்கள். இந்தியா நிறுத்தி உத்தரவு போட 2013 ஆயிற்று. 2025ல் இன்னொரு கூத்து. டேபென்டடாலையும் கேரிசோபுரோடாலையும் கலந்த மாத்திரை இந்தியாவிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்குள்ள இளைஞர்களைக் கெடுப்பது அம்பலமானது. அதன் பிறகுதான் அரசு உற்பத்திக்கும் ஏற்றுமதிக்கும் தடை போட்டது. அம்பலமான பிறகு ஓடுவது அழகல்ல.

என்ன செய்யணும்?

விதி இல்லாமல் இல்லை. மாத்திரை அட்டையில் கம்பெனிப் பெயரைவிட மருந்தின் பெயரைப் பெரிதாக அச்சடிக்க வேண்டும் என்று 2018ல் விதி வந்தது. இரண்டு மருந்து கலந்த மாத்திரைக்கும் அது பொருந்தும். ஆனால் கடையில் அட்டையைக் கத்தரித்து "ரெண்டு" என்று கொடுக்கும்போது பெயரும் போச்சு, காலாவதித் தேதியும் போச்சு. பெரிய எழுத்தில் அச்சடித்து என்ன லாபம்?

ஆகவே, அபின் இனத்து மருந்தும் பாராசிட்டமாலும் கலந்த மாத்திரையைத் துண்டு போட்டு விற்பதை நிறுத்த வேண்டும். முடியாவிட்டால் உறையில் மருந்தின் பெயரையும் அளவையும் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். பில்லில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பெயரும் வர வேண்டும். கம்ப்யூட்டர் பில்லுக்கு இது ஒரு வரி வேலை.

டாக்டர்கள் சீட்டில் "வேறு பாராசிட்டமால் வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும். சீட்டு இல்லாமல் டிரமடால் கேட்டால் கடைக்காரர் தலையாட்டக் கூடாது. ஒரு வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போனால் போகட்டும்.

வாங்குகிறவருக்கு வேலை ஒன்றே ஒன்று. பழைய மாத்திரையையும் புது மாத்திரையையும் பக்கத்தில் வைத்து, பெரிய எழுத்தில் உள்ள பெயரைப் படியுங்கள். இரண்டிலும் ஒரே பெயர் இருந்தால் ஒன்றை எடுத்து வையுங்கள். டாக்டரைக் கேட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

வலிக்குப் போட்ட மாத்திரை உயிருக்கு உலை வைக்க விடலாமா?