வடமாவட்டக் காளைக்கும் ஒரு வாடிவாசல் வேண்டும்

மாட்டுப் பொங்கல் கழிந்ததுமே ஜவ்வாது மலையின் அடிவாரம் பரபரப்பாகிவிடும். அணைக்கட்டு, ஒடுகத்தூர், ஆலங்காயம், கணியம்பாடி, திருப்பத்தூர் என மலையைச் சுற்றியுள்ள பகுதிகளில் காளை விடும் விழாக்கள் தொடங்கிவிடும். எருது விடும் விழா என்பார்கள், மாடு விடும் விழா என்பார்கள். காளையின் படம் போட்ட ஃபிளக்ஸ் பேனர்கள் சாலையோரம் முளைக்கும். மினி லாரிகளில் காளைகள் ஊர்விட்டு ஊர் போகும்.

தெருவின் இருபுறமும் கட்டைகளால் தடுப்பு கட்டியிருப்பார்கள். மாடிகளிலும் மதில்களிலும் கால் வைக்க இடமிருக்காது. கொம்புக்கு வண்ணம் தீட்டி, கழுத்தில் சலங்கை கட்டிய காளையை நாலைந்து பேர் இழுத்துப் பிடித்துக்கொண்டு வருவார்கள். ஒலிபெருக்கியில் காளையின் பெயரும் ஊரின் பெயரும் ஒலிக்கும். பிடித்திருந்த கயிறு விடுபட்டதும் புழுதி மட்டும்தான் தெரியும். சில நொடிகள்தான், அதற்குள் காளை எல்லைக்கோட்டைக் கடந்திருக்கும். அடுத்த கணம் மைக்கில் நேரம் அறிவிக்கப்படும். குறைந்த நேரத்தில் கடந்த காளைக்குப் பரிசு. நொடியின் பின்னத்தில் பரிசு பைக்கை இழந்த உரிமையாளர் அடுத்த ஊர் விழாவுக்குத் தேதி கேட்டுக்கொண்டிருப்பார்.

இது மதுரைப் பக்கத்து ஜல்லிக்கட்டு அல்ல. இங்கே திமிலைப் பிடித்துத் தொங்கி அடக்க வேண்டியதில்லை. காளை இங்கே கடிகாரத்தோடு மோதுகிறது. 2017 ஜனவரியில் மெரினாவில் திரண்ட இளைஞர்களின் போராட்டத்துக்குப் பிறகு தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டத் திருத்தம், ஜல்லிக்கட்டு என்ற பெயரின் கீழ் மஞ்சுவிரட்டு, வடமாடு ஆகியவற்றோடு எருது விடும் விழாவையும் சேர்த்தே காப்பாற்றியது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும் அந்தச் சட்டத்தை ஏற்றது. சட்டத்தில் இடம் கிடைத்துவிட்டது. கதையிலும் திரையிலும்தான் இன்னும் கிடைக்கவில்லை.

தமிழ்த் திரையில் காளை என்றாலே தென்மாவட்டம்தான். 1956-இல் தேவர் பிலிம்ஸின் முதல் படமான ‘தாய்க்குப்பின் தார’த்தில் எம்.ஜி.ஆர். காளையோடு மோதினார். 1980-இல் எஸ்.பி.முத்துராமன் இயக்கிய ‘முரட்டுக்காளை’யில் ரஜினிகாந்த் அடக்கினார். 2004-இல் ‘விருமாண்டி’யில் கமல்ஹாசன். மூன்றுமே நாயகனின் தோள்வலிமையைக் காட்டுவதற்காகக் காளையை அழைத்து வந்தவை. காளை ஜெயிக்கிற விளையாட்டு, மனிதன் தள்ளி நின்று நேரம் பார்க்கிற விளையாட்டு, சினிமாவுக்குத் தோதுப்படவில்லை போலும். ஆனால் அதில் கதை இல்லை என்று யார் சொல்ல முடியும்?

எழுத்தில் தென்மாவட்டத்துக்கு ஒரு பெரும் பேறு வாய்த்தது. ‘எழுத்து’ சிற்றிதழை நடத்திய சி.சு.செல்லப்பா ‘வாடிவாசல்’ என்ற குறுநாவலை எழுதினார். தந்தை அம்புலியைக் குத்திக் கொன்ற காரிக் காளையை அடக்க மகன் பிச்சி செல்லாயி அம்மன் ஜல்லிக்கட்டுக்கு வருகிறான். காளையோ ஜமீன்தாருடையது. ஒரே பிற்பகலில் முடிந்துவிடும் இந்தச் சின்னக் கதைக்குள் வீரம், வஞ்சம், கௌரவம், மேல்-கீழ் எல்லாம் அடங்கிவிடுகின்றன. என்.கல்யாண் ராமன் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். வெற்றிமாறன் இயக்கத்தில் சூர்யா நடிப்பதாகப் படம் அறிவிக்கப்பட்டுச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. மதுரைக்கு வெளியே ஜல்லிக்கட்டைப் பார்த்தே இராதவர்களுக்கும் அது தெரிந்த விளையாட்டாக இருப்பதில் இந்தச் சிறு புத்தகத்துக்குப் பங்குண்டு.

ஒரு விளையாட்டை எழுத்து எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கு அமெரிக்காவின் பேஸ்பாலைத்தான் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க்கில் கிரிக்கெட் செய்திகள் எழுதிக்கொண்டிருந்த ஹென்றி சாட்விக், 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பேஸ்பாலின் பக்கம் திரும்பினார். ஆட்டம் முடிந்ததும் யார் எத்தனை ஓட்டம், யார் எத்தனை தவறு என்று கட்டம் கட்டி நாளிதழில் அச்சிடும் வழக்கத்தை நிலைநாட்டியவர் அவர். மைதானத்துக்கே போகாதவரும் மறுநாள் காலையில் ஆட்டத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்க்க அது உதவியது. பிற்காலத்து இலக்கியமும் சினிமாவும் அந்தக் கட்டத்தின் மேல்தான் எழுந்தன.

1919 உலகத் தொடரில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் வீரர்கள் பணம் வாங்கிக்கொண்டு தோற்ற மோசடியை எலியட் ஆசினாஃப் 1963-இல் ‘எய்ட் மென் அவுட்’ என்ற புத்தகமாக எழுதினார். அதில் சிக்கிய ஷூலெஸ் ஜோ ஜாக்சனை மையமாக வைத்து டபிள்யூ.பி.கின்செல்லா என்ற கனடியர் 1982-இல் நாவல் எழுதினார். அந்த நாவல் 1989-இல் ‘ஃபீல்டு ஆஃப் ட்ரீம்ஸ்’ படமானது. ஐயோவா மாநிலத்தின் டயர்ஸ்வில் என்ற சிற்றூரில், மக்காச்சோளக் கொல்லைக்கு நடுவே படத்துக்காகப் போட்ட மைதானத்தைப் பார்க்க இன்றும் ஜனங்கள் வந்தபடி இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில், அதன் பக்கத்திலேயே புதிதாக மைதானம் அமைத்து மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு தன் அதிகாரபூர்வ ஆட்டத்தையே நடத்தியது. நாவலும் படமும் இல்லாவிட்டால் அந்தக் கொல்லைக்கு யார் போயிருப்பார்கள்?

இன்னொருவர் பில் ஜேம்ஸ். கான்சாஸில் பீன்ஸ் டப்பா தயாரிக்கும் தொழிற்சாலையில் இரவுக் காவலாளியாக இருந்தவர். நாளிதழ்களில் வந்த ஆட்டக் கணக்குகளை வைத்துக்கொண்டு, வல்லுநர்கள் சொல்வது சரிதானா என்று தானே கணக்குப் போட்டார். 1977-இல் சொந்தச் செலவில் ஆண்டு மலர் வெளியிட ஆரம்பித்தார். வாங்கியவர்கள் மிகச் சிலர். ஆனால் அவர் தொடங்கிய சிந்தனைதான் ஓக்லண்ட் அணியின் 2002 பருவத்தில் வேலை செய்தது. மைக்கேல் லூயிஸ் அதை ‘மனிபால்’ புத்தகமாக்க, 2011-இல் பிராட் பிட் நடித்த படமும் வந்தது. ஊர்தோறும் பரிசு வாங்கும் காளைகளின் நொடிக்கணக்கை மனப்பாடமாகச் சொல்லும் இளைஞர்கள் அணைக்கட்டுப் பக்கம் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் தலைக்குள் இருப்பது தாளில் இறங்கவில்லை, அவ்வளவுதான்.

இத்தனைக்கும், எழுதி வைப்பதில் இந்த மண்ணுக்கு நிகரான மண் குறைவு. செங்கத்தை ஆண்ட நன்னன் மேல் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் பத்துப்பாட்டில் ஒன்று. அதில் வரும் சேயாறு ஜவ்வாது மலையில் பிறக்கும் இன்றைய செய்யாறுதான். கூட்டத்தைப் பிரிந்த இமில் ஏறும், மலையிலிருந்து வந்த காட்டு விடையும் மோதிக்கொள்ளும் காட்சி அந்தப் பாட்டில் இருக்கிறது. குளவியும் குறிஞ்சியும் மிதிபட்டுக் குழைகின்றன. கோவலரும் குறவரும் ஒன்றாக நின்று ஆரவாரம் செய்கிறார்கள். முல்லை நிலத்தாரும் மலைவாசிகளும் சேர்ந்து வேடிக்கை பார்க்கும் அந்தக் கூட்டம் இன்றைய தெருத் தடுப்புக்கு வெளியே நிற்கும் கூட்டத்துக்கு மூதாதை என்றே சொல்லலாம். புதூர்நாடு, நெல்லிவாசல் போன்ற மலைக்கிராமங்களின் மலையாளிப் பழங்குடியினரையும், கீழ்நாட்டு விவசாயிகளையும் ஒருசேர எழுதக்கூடிய நாவலாசிரியருக்கு அந்த வரிகள் நல்ல தொடக்கம்.

பாட்டோடு நிற்கவில்லை. செங்கம் வட்டாரத்தில் கிடைத்த நடுகற்களை இரா.நாகசாமி பதிப்பாசிரியராக இருந்து தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை தனி நூலாகவே வெளியிட்டது. பல்லவர் காலத்தில் மாடு கவர்ந்தும் மாடு மீட்டும் செத்தவர்களின் பெயர்கள் அந்தக் கற்களில் இருக்கின்றன. எடுத்தனூர்க் கல்லில் ஒரு நாயின் பெயர்கூட இருக்கிறது. திருட வந்தவர்களைக் கடித்து, இறந்த எசமானுக்குக் காவல் நின்ற கோவிவன் அது. மகேந்திரவர்மன் காலத்து நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன்னால் இதே வட்டாரத்தில் முதல் பரிசு வாங்கிய காளையின் பெயரைக் கேட்டால் நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்வார்கள். மனம் வலிக்கிறது.

எழுத வேண்டும் என்றால் வெறும் புகழ்ச்சியாக எழுத வேண்டும் என்பதல்ல. தடுப்பைத் தாண்டிக் குதித்தவர்களும், வேடிக்கை பார்க்க வந்து குத்துப்பட்டவர்களும் ஆண்டுதோறும் செய்தியாகிறார்கள். சிலர் வீடு திரும்புவதில்லை. கால்நடை மருத்துவரின் சோதனை, ஆட்சியரின் அனுமதி, இரட்டைத் தடுப்பு என்று விதிகள் இருக்கின்றன. அவை எங்கே பிடிக்கின்றன, எங்கே நழுவுகின்றன? எந்தத் தெரு வழியாகக் காளை ஓடலாம், யாருடைய காளைக்கு முதல் மரியாதை, யார் தடுப்புக்கு எந்தப் பக்கம் நிற்க வேண்டும்? இவையெல்லாம் சாதி புழங்கும் கேள்விகள். கலை இவற்றைத் தொட்டால்தான் விளையாட்டு உயிரோடு வரும். பா.இரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ 1970-களின் வடசென்னைக் குத்துச்சண்டையைச் சொன்னபோது அந்தச் சமூகமும் கூடவே வந்தது. ‘லப்பர் பந்து’ உள்ளூர் கிரிக்கெட்டைச் சொன்னபோது அணியில் யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்பதையும் மறைக்கவில்லை. அமெரிக்காவிலும் அப்படித்தான். 1947-இல் ஜாக்கி ராபின்சன் கறுப்பின வீரர்களுக்கு எதிரான நிறத்தடையை உடைத்து மேஜர் லீக்கில் இறங்கியதைப் பற்றி எழுதாமல் பேஸ்பால் இலக்கியம் முழுமை பெற்றிருக்காது.

யார் சொல்வது என்பதும் முக்கியம். 2014-இல் டிஸ்னி வெளியிட்ட ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ படத்துக்கு இசை ஏ.ஆர்.ரஹ்மான். 2008-இல் இந்தியாவில் நடந்த பேஸ்பால் பந்து வீச்சுப் போட்டியில் தேர்வாகி, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியோடு ஒப்பந்தம் போட்ட ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு உத்தரப் பிரதேச இளைஞர்களின் உண்மைக் கதை. ஈட்டி எறிந்துகொண்டிருந்த அந்த இருவரும் பந்தைக் கையில் எடுத்த கதையில், படத்தின் நாயகனோ அவர்களை அழைத்துப் போன அமெரிக்க முகவர். அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது பின்னால் தள்ளப்பட்டுவிட்டது. காளை விடும் விழாவையும் வெளியிலிருந்து கேமராவோடு ஒரு நாள் வந்து போகிறவர் எடுத்தால் புழுதியும் கொம்பும்தான் மிஞ்சும். விடியற்காலையில் காளையை நடைக்குக் கூட்டிப்போகிறவரும், அதற்குத் தீனி ஊறவைக்கும் வீட்டுப் பெண்ணும் வரமாட்டார்கள், காளைக்காக வாங்கிய கடனும் வராது.

எழுதக்கூடியவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். பேரணாம்பட்டின் அழகிய பெரியவன் ‘தகப்பன் கொடி’யில் இந்த வட்டாரத்து வாழ்க்கையை எழுதிக் காட்டியவர். திருவண்ணாமலையில் கதை சொல்லவும் கேட்கவும் ஒரு கூட்டமே உண்டு. திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரியிலும், வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள மற்ற கல்லூரிகளிலும் தமிழ் படிக்கும் மாணவர்களில் பலர் விழா நடக்கும் ஊர்களிலிருந்தே வருகிறவர்கள். பழைய விழா நோட்டீஸ்கள், விழாக் குழுக்களின் கணக்கு நோட்டுகள், காளை வளர்த்த பெரியவர்களின் பேச்சு இவற்றைத் திரட்டுவதை அவர்களின் ஆய்வேடாகவே வைக்கலாம். யூடியூபில் குவிந்து கிடக்கும் விழாக் காணொளிகளுக்கு ஊரும் தேதியும் காளையின் பெயரும் நேரமும் சேர்த்து ஓர் அட்டவணை போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மாவட்ட நிர்வாகத்துக்கும் இதில் சிறிய வேலை இருக்கிறது. அனுமதிக்கான நிபந்தனைகளோடு இன்னொன்றைச் சேர்த்தால் போதும்: விழா முடிந்த ஒரு வாரத்துக்குள், ஓடிய ஒவ்வொரு காளையின் பெயர், ஊர், நேரம், காயமடைந்தவர்களின் எண்ணிக்கை ஆகியவற்றை விழாக் குழு எழுத்தில் ஒப்படைக்க வேண்டும், அதை வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்ட மைய நூலகங்களில் யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கும்படி வைக்க வேண்டும். வரும் ஜனவரி விழாக்களிலிருந்தே இதைத் தொடங்கலாம்.